ஊர்ப்பெயர்களும் மாணவர் இடுபணியும்: வரலாறு, புவியியல் கல்வியில் தமிழின் இடம்



மொழி மன்றத்தின் மேடையில் இலக்கியம், இலக்கணம், அகராதி, கலைச்சொல் ஆகியவை பேசப்படுவது இயல்பு. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அவற்றினின்றும் சற்று விலகியது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் வரலாற்றுக்கும் புவியியலுக்கும் செய்து தரும் இடுபணிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவ்விரு பாடங்களையும் நம் மாணவர்கள் மலேசியாவில் மலாய் மொழியிலும் சிங்கப்பூரில் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். இடுபணியையும் அம்மொழிகளிலேயே எழுதுகிறார்கள். அப்படியிருக்க, தமிழுக்கு அங்கே என்ன வேலை என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

1. இடுபணியின் இன்றைய நிலை

மலேசியாவில் இடுபணி என்பது புதிதன்று. பி.எம்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலத்திலேயே படிவம் ஒன்று முதல் மூன்று வரை பயின்ற மாணவர்கள் இவ்விரு பாடங்களுக்கும் தொகுப்பேடு தயாரித்தார்கள். வீடுகளில் அதனை 'ஃபோலியோ' என்றே சொல்வோம். 2014-இல் பி.எம்.ஆர். தேர்வுக்கு மாற்றாகப் பி.டி.3 வந்தபோது வரலாறும் புவியியலும் இடுபணி வழியாகவே மதிப்பிடப்பட்டன. பி.டி.3 தேர்வும் 2022-இல் கைவிடப்பட்டது. தேர்வின் பெயர் மாறியபோதும், மாணவர் தாமே தேடி, கண்டு, கேட்டு எழுதவேண்டும் என்னும் நோக்கம் மாறவில்லை. சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளிகளின் கீழ்வகுப்புகளிலும் வரலாற்றுப் புலனாய்வும் புவியியல் கள ஆய்வும் பாடத்திட்டத்தின் பகுதிகளாக உள்ளன.

நோக்கம் உயர்ந்தது, நடப்பதோ வேறு. 'உன் ஊரின் வரலாறு' என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர் கணினித் திரையில் ஊர்ப்பெயரைத் தட்டுகிறார். முதலில் வரும் இரண்டு பக்கங்களை எடுத்து ஒட்டுகிறார். வண்ண அட்டை போட்டுக் கட்டித் தருகிறார். ஒரே வகுப்பில் முப்பது தொகுப்பேடுகள் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கட்டுரைதான். அதே வீட்டின் முன்வாசலில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூருக்கு வந்து குடியேறிய தாத்தா அமர்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மாணவரிடம் இதனை வெறும் சோம்பல் என்று நாம் கருதவில்லை. தாத்தாவின் பேச்சு சான்றாகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நூலில் இருப்பது வரலாறு, வீட்டில் இருப்பது கதை என்று அவர் எண்ணுகிறார்.

2. சான்றின் மொழியும் எழுத்தின் மொழியும்

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். இடுபணி எழுதப்படும் மொழி ஒன்று. இடுபணிக்கான சான்று கிடைக்கும் மொழி மற்றொன்று. தமிழ்க் குடும்பத்து மாணவர் தம் குடும்பம், தோட்டம், கோவில், பள்ளி ஆகியவற்றின் வரலாற்றை ஆராயப் புகுந்தால், அவருக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகளில் பெரும்பகுதி தமிழில் இருக்கும். பாட்டியின் பேச்சு, கோவில் திருப்பணிக் கல்வெட்டு, திருமண அழைப்பிதழ், பழைய கடிதம், நிழற்படத்தின் பின்புறத்தில் எழுதிய நான்கு வரி, சங்கத்தின் கூட்டக்குறிப்பு ஆகிய யாவும் தமிழ்.

ஆகவே மாணவருடைய பணி இரண்டு படிகள் கொண்டது. முதற்படியில் தமிழில் கேட்டுத் தமிழில் பதிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் படியில் அதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். இன்று முதற்படி விடுபட்டுப் போகிறது. கேட்கும்போதே மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு நேரே இரண்டாம் படிக்குச் சென்றுவிடுகிறார்கள். அப்போது சொல்லியவரின் சொல் மறைந்து அதன் தோராயமான பொருள் மட்டுமே எஞ்சுகிறது. வரலாற்றாசிரியர்க்கு அச்சொல்லே சான்று. தோராயமான பொருள் சான்றாகாது.

தோட்டத்துச் சொற்கள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்குவோம். விடியுமுன் தொழிலாளர் அனைவரும் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதைப் 'பெரட்டு' என்றார்கள். மாணவர் இதனைக் 'காலைக்கூட்டம்' என்று மலாயில் பெயர்த்து எழுதிவிட்டால், பள்ளிக்கூடத்துச் சபைக்கூட்டம் போன்ற ஒன்று என்றே படிப்பவர் எண்ணுவார். பெரட்டுக்கு வராதவர்க்கு அன்று பெயரில்லை, பெயரில்லாதவர்க்குக் கூலியில்லை என்னும் செய்தி அச்சொல்லோடு மறைந்துபோகும். தொழிலாளர் குடியிருந்த வீட்டுவரிசை 'லயம்'. இது வரிசை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. வீட்டுக்கு உரிமையாளர் யார் என்பதை அப்பெயரே சொல்லுகிறது. தம் சொந்த வீட்டை எவரும் லயம் என்று அழைப்பதில்லை. பால்வாளிகளைத் தூக்கும் தோள்கம்பு 'காண்டா'. தோளில் சுமத்தலைக் குறிக்கும் 'கண்டார்' என்னும் மலாய்ச் சொல்லோடு அது உறவுடையது. பால் வடியும் கிண்ணம் 'மங்கு'. அதுவும் மலாயின் 'மங்கோக்'கிலிருந்து வந்தது. குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் 'ஆயாக் கொட்டகை'. தாய்மார் பால்வெட்டப் போனபோது பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்னும் வரலாற்றுக்கு இவ்வொரு சொல்லே வாயிலாகும்.

இவற்றுள் ஒன்று ஆங்கிலவழி, ஒன்று மலாய்வழி, ஒன்று தமிழ்வழி. ஒரு தோட்டத்தில் யார் ஆண்டார்கள், யாரோடு பழகினார்கள், எதனைத் தாமே அமைத்துக்கொண்டார்கள் என்பதை இம்மூன்று அடுக்குகளும் காட்டுகின்றன. படிவம் மூன்று மாணவர் பத்துச் சொற்களைத் திரட்டினாலும் இதனைக் கண்டுகொள்வார்.

3. ஊர்ப்பெயர்: இரு பாடங்களும் கூடும் இடம்

வரலாற்றையும் புவியியலையும் ஒருங்கே கற்பிக்க ஊர்ப்பெயரைப்போல் எளிய வாயில் வேறில்லை. பெயர் இட்டவர் யார் என்பது வரலாறு. எதனைக் கண்டு இட்டார் என்பது புவியியல். எச்சொல்லால் இட்டார் என்பது மொழியியல்.

மலாய் ஊர்ப்பெயர்களில் நிலத்தின் இயல்பு முதலில் நிற்கும். சுங்கை என்றால் ஆறு. புக்கிட் என்றால் குன்று. தஞ்சோங் என்றால் கடலுள் நீண்ட நிலமுனை. தெலுக் என்றால் குடாக்கடல். பாயா என்றால் சதுப்பு. உலு என்றால் ஆற்றின் மேற்பகுதி. கோலா என்பது ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தையும், ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடு கூடும் இடத்தையும் குறிக்கும். நாட்டுப்படத்தை விரித்துவைத்துக் 'கோலா' எனத் தொடங்கும் ஊர்களைக் குறித்து வரச் சொன்னால், பழங்காலத்தில் மக்கள் எவ்வழியே பயணம் செய்தார்கள் என்பதை மாணவரே சொல்லிவிடுவார். சாலை இல்லாத காலத்தில் ஆறே சாலை. இரண்டு ஆறுகள் கூடும் இடமே சந்தி. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில்தான் கோலாலம்பூர் வளர்ந்தது. 1857-இல் அம்பாங் பகுதிக்கு ஈயம் தோண்டச் சென்றவர்களின் படகுகள் அதற்குமேல் செல்ல இயலாமல் நின்ற இடம் அது.

மரப்பெயரால் அமைந்த ஊர்களும் பல. பினாங்கு என்பது பாக்குமரம். ஈப்போ என்பது நச்சுப்பால் சுரக்கும் ஒரு மரம். மலாக்கா என்பது வேறெதுவுமன்று, நம் நெல்லிமரமே. நெல்லிக்குப்பம், ஆலங்குடி, புளியங்குடி என்று பெயரிட்ட தமிழருடைய மனமும், மலாக்கா, ஈப்போ என்று பெயரிட்ட மலாய்க்காரருடைய மனமும் இவ்வகையில் ஒன்றே. நிலத்தை அங்கு விளையும் செடிகொடியால் அடையாளங்கண்டு குறிஞ்சி, முல்லை, மருதம் என்று பெயரிட்ட மரபு நமக்கு உண்டு. தமிழாசிரியர் திணை கற்பிக்கும் நாளில் மலாக்காவையும் ஈப்போவையும் எடுத்துக்காட்டினால், மாணவர் திணையைப் பழங்கதை என்று நினைக்கமாட்டார்.

ஓர் ஊர்ப்பெயர் பேரிடரையும் நினைவில் வைத்திருக்கும். சிலாங்கூர் மாநிலத்தில் கோலா குபு பாரு என்னும் ஊர் உள்ளது. பாரு என்றால் புதிது. அப்படியாயின் பழையது எங்கே என்னும் வினா எழவேண்டும். 1883-இல் அணை உடைந்து வெள்ளம் பழைய கோலா குபுவை அழித்தது. அதன் பின்னரும் வெள்ளம் ஓயவில்லை. ஈயச்சுரங்கங்களின் மணல் ஆற்றுப்படுகையை மேடாக்க, ஊரையே வேறிடத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. அணை, சுரங்கம், வண்டல், வெள்ளம், நகர் இடமாற்றம் என்று ஒரு பருவத்துக்குரிய புவியியல் பாடம் 'பாரு' என்னும் ஈரெழுத்துச் சொல்லில் அடங்கிக்கிடக்கிறது.

சிங்கப்பூரில் நாம் எல்லாரும் அறிந்த தேக்காவை எடுத்துக்கொள்வோம். தேக்கு மரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. 'சிறுமூங்கிலின் அடி' என்று பொருள்படும் ஹொக்கியன் தொடரிலிருந்து அது வந்தது. அதே இடத்துச் சந்தைக்கு மலாயில் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத்தொழுவம் என்று பெயர். அருகிலுள்ள பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையையே குறிக்கின்றன. மூங்கில் வளர்ந்த நீர்க்கரை, அதனை ஒட்டிய மேய்ச்சல், அதனால் வந்த மாட்டு வாணிகம், அவ்வாணிகத்தால் வந்து குடியேறிய இந்தியர் என்று வரிசையாகச் சென்றால், இன்றைய லிட்டில் இந்தியா ஏன் அவ்விடத்தில் அமைந்தது என்பது விளங்கும். ஒரே இடத்துக்குச் சீனரும் மலாய்க்காரரும் ஆங்கிலேயரும் இட்ட பெயர்களைத் தமிழர் தம் வாய்க்கு ஏற்ப வழங்கிவருகிறோம்.

4. கடாரம்: பெயரின் பயணம்

இடைநிலைப்பள்ளி வரலாற்றில் பழைய கெடா அரசு ஒரு பாடமாக உள்ளது. நம் மாணவர் அதனை 'கெடா துவா' என்று படிக்கிறார். தமிழ் வகுப்பில் 'கடாரம்' என்று கேள்விப்படுகிறார். இரண்டும் ஒன்றே என்பது பலர்க்குத் தெரிவதில்லை.

முதலாம் இராசேந்திரன் 1025-இல் அனுப்பிய கடற்படை வென்ற இடங்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் உள்ளது. சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம் முதலான பெயர்கள் அங்கு வருகின்றன. இலங்காசோகம் என்பது லங்காசுகா. மானக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகள். இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை. தமிழர் பிறமொழிப் பெயரைக் கேட்டுத் தம் ஒலிமரபுக்கு ஏற்ப எழுதிக்கொண்டதற்கு இது சிறந்த ஆவணம். அதற்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னர், முதலாம் இராசராசன் காலத்தில், கிடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்டது. முதலில் விகாரையும் பிறகு போரும் என இருவகை உறவும் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்துள்ளன. தமிழ்நாட்டில் கடாரங்கொண்டான் என்னும் பெயரில் ஊர்கள் இன்றும் உள்ளன. பெயர் இக்கரையிலிருந்து அக்கரைக்கும் சென்றிருக்கிறது.

இங்கே புவியியல் ஆசிரியர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. நீண்ட தீபகற்பத்தில் கப்பல்கள் ஏன் கெடாவைத் தேடி வந்தன? விடை நிலப்படத்தில் உள்ளது. மெர்போக் கழிமுகம் ஏறத்தாழ வட அகலக்கோடு 6 பாகைக்கு அருகில் உள்ளது. இலங்கையின் தென்முனையும் அதே அளவில் உள்ளது. இலங்கையைச் சுற்றி நேர்கிழக்கே வருபவர்க்கு எதிரே நிற்பது 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஜெராய் மலை. கடலோரத்திலேயே தனித்து நிற்கும் மலையாதலால் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தென்படும். அதன் அடியில் காற்றுக்கு ஒதுங்கக் கழிமுகம், உள்ளே குடிநீர், சுங்கை பத்துப் பகுதியில் இரும்பு உருக்கிய உலைகள். பருவக்காற்று மாறும்வரை மாலுமிகள் தங்கவேண்டியிருந்ததால் துறைமுகம் ஊராயிற்று. ஊரில் சண்டிகள் எழுந்தன. வரலாற்றுப் பாடம் 'என்ன நடந்தது' என்று சொல்லும்; புவியியல் 'ஏன் அங்கே' என்று சொல்லும். இரண்டையும் பிரித்துக் கற்பித்தால் இரண்டும் மனப்பாடமாகிவிடும்.

பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருட் காட்சியகம் 1980-இல் மெர்போக்கில் திறக்கப்பட்டது. ஆயினும் பதினோராம் எண் சண்டி நிலமேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் நாடெங்கும் தெரியவந்தது. ஓர் இடத்தின் பெயரும் பொருளும் அங்கு வாழ்வோர்க்கே தெரியாதபோது அவ்விடத்தைக் காப்பவர் எவருமிரார். மாணவர் இடுபணி என்பது மதிப்பெண்ணுக்கு அப்பாலும் பயன்படும் என்று நாம் சொல்லுவது இக்காரணம் பற்றியே.

5. பத்துமலையும் சொல்லாய்வின் ஒழுங்கும்

ஆர்வம் மிகுந்தால் வழுவும் மிகும். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் அது எளிதில் நேர்வது. எல்லாப் பெயரும் தமிழே என்று நிறுவ முற்படும் கட்டுரைகள் நம்மிடையே குறைவில்லை. மாணவர்க்கு அவ்வழியைக் காட்டக்கூடாது.

பத்துமலையைப் பாருங்கள். முருகனின் பத்தாவது மலை என்றும், ஆறு படைவீடுகளோடு இந்நாட்டுத் தலங்களைச் சேர்த்தெண்ணினால் பத்து ஆகும் என்றும் விளக்கம் சொல்வார்கள். பக்தர் உள்ளத்தில் அவ்விளக்கத்துக்கு உரிய இடம் உண்டு. அதனை நாம் மதிக்கிறோம். பெயராய்வு என்று வரும்போது வேறு வழியில் செல்லவேண்டும். பத்து என்பது கல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல். அருகில் ஓடும் ஆற்றுக்குச் சுங்கை பத்து என்று பெயர். பத்து என்பது எண்ணுப்பெயராக இருக்குமாயின், பத்து காஜா என்னும் ஊரில் பத்து யானைகளைத் தேடவேண்டிவரும்! அவ்வூர்ப்பெயர்க்கு யானைக்கல் என்பதே பொருள். மலாய்ச் சொல்லோடு தமிழர் 'மலை'யைச் சேர்த்துப் பத்துமலை ஆக்கினர். தம்புசாமிப் பிள்ளை அக்குகையில் கோவில் நிறுவி, 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடந்துவருவது வரலாறு. பெயர் மலாயும் தமிழும் கூடிப் பிறந்தது என்பதால் அதன் பெருமை குறையாது. இந்நாட்டில் நாம் வாழ்ந்த வாழ்வுக்கு அது பொருத்தமான பெயர்.

இதே 'பத்து' மைல்கல்லையும் குறிக்கும். பத்து தீகா என்றால் மூன்றாம் மைல். நம்மவர் அதனைக் 'கட்டை' என்றார்கள். மூன்றாங்கட்டை, ஐந்தாங்கட்டை என்னும் வழக்கு முதியோர் நாவில் இன்றும் உண்டு. மைல் போய்க் கிலோமீட்டர் வந்துவிட்டது; கட்டை மட்டும் பேச்சில் நின்றுவிட்டது. எங்கிருந்து எண்ணிய கட்டை அது என்று மாணவர் தேடினால், பழைய சாலையின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பார்.

எனவே மாணவர்க்கு நான்கு வினாக்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும். இப்பெயரின் பழைய வடிவம் எது? அவ்வட்டாரத்தில் அக்காலத்தில் எம்மொழி பேசினார்கள்? ஒலி மாறியதற்கு அதே வகையான வேறு எடுத்துக்காட்டு உண்டா? நிலத்தின் இயல்பு அப்பொருளுக்குப் பொருந்துகிறதா? நான்குக்கும் விடை கிடைத்தால் அது ஆய்வு. ஒலி ஒப்புமை மட்டும் இருந்தால் அது விளையாட்டு. கடைக்கும் மலாயின் 'கெடாய்'க்கும், கப்பலுக்கும் 'காப்பா'லுக்கும், முதலுக்கும் 'மோடா'லுக்கும் உள்ள உறவை மொழியியல் ஏற்பதற்குக் காரணம் வாணிகத் தொடர்பென்னும் வரலாற்றுச் சான்றும் ஒலி மாற்றத்தின் ஒழுங்கும் சேர்ந்திருப்பதே.

6. தமிழ்ப்பள்ளிகளின் நிலப்படம்

மற்றுமோர் இடுபணியை ஆசிரியர்கள் முன் வைக்கிறோம். மலேசியாவில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள்ளன. அவற்றை நிலப்படத்தில் புள்ளியிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். பேராக்கில் புள்ளிகள் மிகுதியாக விழும். சிலாங்கூர், ஜொகூர், நெகிரி செம்பிலான், கெடா ஆகியவற்றிலும் அடர்ந்து விழும். கிளந்தானில் ஒரே ஒரு பள்ளி, பெர்லிசில் ஒன்று, திரங்கானுவில் ஒன்றுமில்லை. சபா, சரவாக்கிலும் இல்லை.

ஏன் என்று மாணவரே கேட்பார். அவ்வினா பிறந்தபின் ரப்பரின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1877-இல் ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மேற்குக்கரையின் அடிவாரச் சரிவுகளில், இருப்புப்பாதைக்கும் துறைமுகத்துக்கும் அருகில், தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தபின்னும் கங்காணி முறையில் வரவு தொடர்ந்து, 1938-இல் நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடப்பாட்டைத் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தின. மண், மழை, இருப்புப்பாதை, சட்டம், குடியேற்றம் ஆகிய ஐந்தும் சேர்ந்து அப்புள்ளிகளை இட்டுள்ளன.

பிறகு இரண்டாவது நிலப்படம் வரையச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளி இன்று எங்கே உள்ளது? தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டபின் பள்ளி நகருக்கு இடம்பெயர்ந்தும் பழைய பெயரையே சுமந்து நிற்பதைப் பல இடங்களில் காணலாம். தோட்டம் அழிந்தது, லயம் அழிந்தது, மக்கள் சிதறினார்கள், பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் நிலைத்திருக்கிறது. அப்பலகையின் கீழே நாள்தோறும் நுழையும் மாணவர், அது எந்தத் தோட்டம், எங்கே இருந்தது என்று அறியவேண்டாமா?

7. காலத்தின் நெருக்கடி

இப்பணியைப் பத்தாண்டு கழித்துச் செய்யலாம் என்று ஒத்திவைக்க இயலாது. சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளம்; 1942-க்கும் 1943-க்கும் இடையில் அமைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர் அங்கு மாண்டனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள். திரும்பியபின் நூல் எழுதினார்கள். நம்மவருள் பெரும்பாலோர் எழுதவில்லை, சொன்னார்கள். சொன்னதைக் கேட்டு எழுதியவர் மிகச்சிலர். அன்று இருபது வயதில் இருந்தவர்க்கு இன்று நூறு வயது கடந்துவிட்டது. அவர்களிடம் நேரே கேட்கும் வாய்ப்பு நம்மைக் கடந்து சென்றுவிட்டது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பெரட்டுக்கு நின்றவர்கள், காண்டா சுமந்தவர்கள், ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளே இன்று படிவம் ஒன்றிலும் இரண்டிலும் பயில்கிறார்கள். கேட்பவரும் சொல்பவரும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் இதுவே.

8. செய்யத்தக்கவை

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நாம் முன்வைப்பவை ஐந்து. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை.

முதலாவது, முதியோரிடம் கேட்பதை அவர் பேசும் தமிழிலேயே கைப்பேசியில் பதியவேண்டும். செந்தமிழாக்கித் திருத்த வேண்டா. 'மூணாங்கட்டை' என்று சொன்னால் அப்படியே எழுதுக.

இரண்டாவது, ஒவ்வோர் இடுபணியின் முடிவிலும் பத்துச் சொற்கள் கொண்ட பட்டியலைச் சேர்க்கவேண்டும். சொல், பொருள், சொன்னவரின் வயது, இடம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். இடுபணியின் உடல் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். பட்டியல் தமிழெழுத்தில் இருக்கட்டும். வரலாற்று ஆசிரியர் தமிழறியாதவராயினும், முதன்மைச் சான்றை மாணவர் தந்திருக்கிறார் என்பதை உணர்வார்.

மூன்றாவது, கேட்டது எது, கண்டது எது, படித்தது எது என்பதை மாணவர் தனித்தனியே குறிக்கவேண்டும். பாட்டி சொன்ன ஆண்டும் கோவில் கல்வெட்டின் ஆண்டும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி, வேறுபாட்டுக்குக் காரணம் தேடவேண்டும். வரலாற்றுப் பயிற்சி அவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

நான்காவது, கையால் வரைந்த ஒரு நிலப்படம் வேண்டும். இணையப்படத்தில் லயமும் இராது, பெரட்டுக்களமும் இராது. தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் வரைய வேண்டும். ஆறு எந்தப் பக்கம், கோவில் எந்தப் பக்கம், துரை வீடு ஏன் மேட்டில், லயம் ஏன் பள்ளத்தில் என்னும் வினாக்கள் வரையும்போதே எழும்.

ஐந்தாவது, முடிந்த இடுபணியின் படியொன்றை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வைக்கவேண்டும். மதிப்பெண் இட்டபின் குப்பைக்குச் செல்லும் தொகுப்பேடுகள் எத்தனை! ஓர் ஊரைப் பற்றி இருபது மாணவர் எழுதியவை ஓரிடத்தில் சேர்ந்தால் அதுவே அவ்வூரின் ஆவணக்காப்பகம்.

தமிழாசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். வரலாறும் புவியியலும் பிறர் பாடங்கள் என்று ஒதுங்கவேண்டா. மாணவர் முதற்படியில் நிற்கும்போது அவருக்கு உதவக்கூடியவர் நீங்களே. கல்வெட்டை வாசிக்கவும், பழைய கையெழுத்தைப் புரிந்துகொள்ளவும், வட்டாரச் சொல்லுக்குப் பொருள் காணவும் வரலாற்று ஆசிரியரால் இயலாது. நேர்காணல் வினாக்களைத் தமிழில் அமைப்பதைக் கட்டுரைப் பயிற்சியாகவே தரலாம்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். தமிழால் என்ன பயன் என்று உங்களுள் சிலர் கேட்பதுண்டு. மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஆய்வாளர் பலர் வருவார்கள். உங்கள் பாட்டியிடம் அவர்களால் பேச இயலாது. அச்சான்றின் கதவுக்குத் திறவுகோல் உங்களிடம் உள்ளது. இந்நாட்டு வரலாற்றில் ஒரு பகுதியைத் தமிழறிந்தவர் மட்டுமே எழுதமுடியும். அடுத்த இடுபணி எதைப் பற்றியதாயினும், முதல் வினாவை வீட்டில் கேளுங்கள்: 'தாத்தா, இந்த ஊருக்கு நீங்கள் வந்தபோது இதனை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்?'